ஊமையான கழுதை: 'ஷ்ரெக்' படத்தின் அடியில் ஓடும் பழைய மெலோடிராமா

முதல் காட்சியில் ஒரு கதைப்புத்தகம் திறக்கிறது. அழகான இளவரசி, அவள் மேல் ஒரு சாபம், கோட்டை, காவலுக்கு டிராகன், சாபம் தீர்க்கும் முதல் முத்தம் என்று ஒரு குரல் நிதானமாகப் படித்துக்கொண்டே போகிறது. சட்டென்று ஒரு பச்சைக் கை அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறது. 'இதெல்லாம் நடக்கிற காரியமா' என்கிற தோரணையில் ஒரு சிரிப்பு. அப்புறம் தண்ணீர் கொட்டும் சத்தம். கழிப்பறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஷ்ரெக் என்ற பச்சை அரக்கன் வெளியே வருகிறான். தாள் எதற்குப் பயன்பட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தக் காட்சியில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் ஆரம்பித்துவிட்டேன். 2001-ல் டிரீம்வொர்க்ஸ் வெளியிட்ட படம். ஆண்ட்ரூ ஆடம்சனும் விக்கி ஜென்சனும் இயக்கினார்கள். அந்த வருஷம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இருந்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கென்று ஆஸ்கர் தனி விருது தொடங்கியபோது, 2002 மார்ச்சில், அதை முதலில் வாங்கியதும் இதுதான். தேவதைக் கதைகளைக் கிழித்துப் போட்ட படம் என்ற பெயர் அன்றிலிருந்து நிற்கிறது.

எனக்கு அதில் ஒரு சின்ன உறுத்தல். கிழித்த பக்கத்தில் என்னென்ன எழுதியிருந்ததோ, அத்தனையும் அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று விடாமல் நடக்கிறது. சாபம் வருகிறது. டிராகன் காக்கும் கோட்டை வருகிறது. முத்தத்தில் சாபம் தீருகிறது. தாளைக் கிழித்தவனே போய் இளவரசியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அப்படியென்றால் கிழிந்தது எது?

இந்த ஆய்வு அந்த ஒரு கேள்விக்காகத்தான். பதிலை ஒளித்துவைக்கப் போவதில்லை. படம் கேலி செய்வது வேஷங்களை. வேஷங்களுக்கு அடியில் ஓடுகிற இயந்திரம் இருநூறு வருஷப் பழைய மெலோடிராமா. அதன் மேல் படத்துக்கு முழு நம்பிக்கை. எந்த வேஷத்தை யார் தலையில் கட்டினார்கள் என்பதில்தான் விஷமமே இருக்கிறது.

வசவாகிப்போன ஒரு சொல்

யாராவது திரையில் கொஞ்சம் கூடுதலாக அழுதால் 'ஒரே மெலோடிராமா' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். உண்மையில் அது கறாரான ஒரு நாடக வடிவம். 'மெலோஸ்' என்றால் கிரேக்க மொழியில் பாட்டு. இசையோடு சேர்ந்த நாடகம், அவ்வளவுதான் பெயரின் பொருள். 1800-ல் பாரிஸில் பிக்ஸெரெகூர் போட்ட 'செலினா' அதற்கு இலக்கணம் வகுத்த நாடகம். இரண்டே வருஷத்தில் அதைத் தழுவி லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் தாமஸ் ஹோல்கிராஃப்ட் ஒரு நாடகம் போட்டார். ஆங்கிலத்தில் மெலோடிராமா என்ற முத்திரையோடு மேடையேறியது அதுதான் முதல்.

லண்டனில் இதற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. 1737-லிருந்து 1843 வரை வெறும் வசன நாடகம் போடும் உரிமை ஓரிரு அரங்குகளிடம்தான். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? இசையைச் சேர்த்துக்கொண்டு 'இது வசன நாடகம் இல்லை' என்று சமாளித்தார்கள். வில்லன் வந்தால் ஒரு இசை, நாயகி வந்தால் ஒரு இசை என்று நாம் இன்றைக்கும் கேட்கிற பழக்கம் வேரூன்றியதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

பாத்திரங்கள் அச்சில் வார்த்தவை. நாயகன், அல்லல்படும் நாயகி, வில்லன், வில்லனின் கையாள், வயதான தகப்பன், சிரிப்பு மூட்ட ஒரு வேலைக்காரன். நம் கம்பெனி நாடகக்காரர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரித்துவைத்திருந்தார்களே, அதே மாதிரி. உள்ளே நுழையும் ஆளின் நடையையும் உடையையும் பார்த்ததுமே யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும்.

இப்படி எல்லாம் முதலிலேயே தெரிந்துவிட்டால் கதை எதில் ஓடும்? நமக்குத் தெரிந்தது மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் ஓடும். நல்லவளைக் கெட்டவள் என்று எல்லாரும் நம்புவார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆளால் அதைச் சொல்ல முடியாது. கடைசியில் ஊர் முன்னிலையில் உண்மை வெளியாகும். நல்லது நல்லது என்று அடையாளம் காணப்படுவதுதான் மெலோடிராமாவின் உச்சம் என்று பீட்டர் புரூக்ஸ் 1976-ல் எழுதிய நூலில் வாதிடுகிறார். கல்யாணம், கொலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூலக்கதையில் இது எதுவும் இல்லை

படம் வில்லியம் ஸ்டைக் எழுதி வரைந்த 'ஷ்ரெக்!' என்ற சிறுவர் படப்புத்தகத்திலிருந்து வந்தது. 1990-ல் அது வெளிவந்தபோது அவருக்கு 82 வயது. சின்னப் புத்தகம். பெற்றோர் ஷ்ரெக்கை உதைத்து வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள். வழியில் ஒரு சூனியக்காரி, உன்னைவிட அசிங்கமான இளவரசி ஒருத்தியை நீ மணப்பாய் என்கிறாள். கழுதை ஏற்றிக்கொண்டு போகிறது. எதிர்ப்பட்ட டிராகனையும் வீரனையும் சமாளிக்கிறான். கண்ணாடிகள் நிறைந்த அறையில் தன்னைத் தானே பார்த்துப் பயந்து, அப்புறம் அது தன் உருவம்தான் என்று தெரிந்ததும் சந்தோஷப்படுகிறான். இளவரசியைப் பார்க்கிறான்; அவளும் அசிங்கம்தான். இருவருக்கும் உடனே பிடித்துப்போகிறது. கல்யாணம்.

வில்லன் கிடையாது. சாபம் கிடையாது. ரகசியம், தப்பர்த்தம், பிரிவு, கண்ணீர் எதுவும் கிடையாது. அசிங்கமே அங்கே பெருமை. அடையாளம் காணப்பட வேண்டிய மறைந்த குணம் என்று ஒன்று அவனுக்குள் இல்லவும் இல்லை.

ஆகவே படத்தின் வில்லன் ஃபார்க்வாட் பிரபு, இரவில் உருமாறும் இளவரசி, கதவோரம் நின்று பாதி கேட்பது, கல்யாண மண்டபத்துக்குள் ஓடிவந்து நிறுத்துவது என்று நாம் மெலோடிராமா என்று அடையாளம் காணும் ஒவ்வொன்றும் திரைக்கதை எழுதிய நால்வர் கொண்டுவந்து சேர்த்தது. ஸ்டைக்கின் கதை ஏற்கெனவே தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. அதை நிமிர்த்தி, வழக்கமான தேவதைக் கதையாக்கி, அப்புறம் அந்த வழக்கத்தைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். சுற்று வழிதான். ஒன்றரை மணி நேரம் ஜனங்களை உட்காரவைக்க வேண்டுமே.

வேஷம் யாருக்கு

இளவரசி ஃபியோனாவின் முதல் காட்சியை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். கோபுரத்தின் கூரையை உடைத்துக்கொண்டு ஷ்ரெக் அறைக்குள் விழுகிறான். அவள் விழித்துக்கொள்கிறாள். பார்த்ததும் என்ன செய்கிறாள்? அவசரமாகப் படுத்து, பூங்கொத்தை மார்பின் மேல் சரியாக வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்துத் தூங்குவதுபோல் கிடக்கிறாள். ஸ்திரீபார்ட்டுக்கு அவளே மேக்கப் போட்டுக்கொள்கிறாள். வந்தவனோ தோளைப் பிடித்து உலுக்குகிறான். கவிதை சொல்ல வேண்டும், டிராகனைக் கொன்றிருக்க வேண்டும் என்று அவள் சட்டம் பேசிக்கொண்டே ஓடுகிறாள். நன்றிக்கு அடையாளமாகத் தன் கைக்குட்டையை நீட்டுகிறாள். அவன் அதில் முகத்துக் கரியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறான்.

இதே பெண் கொஞ்ச நேரம் கழித்துக் காட்டில் ராபின் ஹூட் கூட்டத்தை ஒருத்தியாக அடித்து வீழ்த்துகிறாள். அந்தரத்தில் காலை விரித்தபடி உறைந்து நின்று, கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டு, அப்புறம் உதைக்கிறாள். அரங்கம் சிரித்த இடம். நாயகியே சண்டை போடுவது புதுமை என்று அப்போது நிறையப் பேசினார்கள். அது அவ்வளவு புதிதா? 1867-ல் நியூயார்க்கில் அகஸ்டின் டேலி போட்ட மெலோடிராமா ஒன்றில்தான், தண்டவாளத்தில் ஆளைக் கட்டிப்போடும் காட்சி பேர்பெற்றது. கட்டப்பட்டது பெண் இல்லை; போரில் ஒரு கையை இழந்த ஒரு ஆண். பூட்டிய அறைக் கதவைக் கோடாரியால் பிளந்து வந்து, ரயில் வருவதற்குள் அவனை இழுத்துப் போட்டது நாயகி. தண்டவாளத்தில் கதறும் பெண் என்ற படிமத்தைப் பிற்பாடு வந்த கேலிப் படங்கள்தான் நம் தலையில் ஏற்றிவைத்தன. ஃபியோனாவின் உதை வழக்கத்தை உடைத்தது என்பதைவிட, நாம் மறந்துபோன வழக்கத்தை எடுத்துவந்தது என்பதே பொருத்தம்.

ஷ்ரெக்கின் வேஷம் சுலபம். முரட்டு வெளித்தோற்றம், உள்ளே பொன்மனம். வெங்காயத்தைக் காட்டி 'அரக்கர்களுக்கும் அடுக்குகள் உண்டு' என்று அவனே விளக்கவுரையும் தந்துவிடுகிறான்.

ஃபார்க்வாடுக்கு அப்புறம் வருகிறேன். அவன் மேல் எனக்கு ஒரு புகார் பாக்கி இருக்கிறது.

இரண்டு தரம் ஒட்டுக்கேட்டது

படத்தின் நடுமுதுகு இங்கே இருக்கிறது. ஆய்வு என்று உட்கார்ந்தபோது நான் அதிக நேரம் செலவழித்ததும் இதில்தான்.

பொதுவாக எல்லாருக்கும் நினைவிருப்பது காற்றாலைக் காட்சி. ஆனால் அதற்கு முந்தைய இரவே ஒரு ஒட்டுக்கேட்டல் நடந்துவிடுகிறது. ஃபியோனா குகைக்குள் படுத்திருக்கிறாள். வாசலை மரப்பட்டையால் அடைத்துவைத்திருக்கிறாள். வெளியே ஷ்ரெக்கும் அவனோடு வந்த பேசும் கழுதையும் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் எல்லாரையும் விலக்கிச் சுவர் எழுப்பப் பார்க்கிறாய் என்று கழுதை குடைந்துகொண்டே இருக்க, கடைசியில் ஷ்ரெக் வாய்விடுகிறான். என்னைப் பார்த்ததுமே கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள், அதனால் தனியாக இருப்பதே மேல் என்கிறான். மரப்பட்டை கொஞ்சம் விலகுகிறது. ஃபியோனா கேட்கிறாள். முழுசாகக் கேட்கிறாள், சரியாகப் புரிந்துகொள்கிறாள். மறுநாள் காலையில் அவள் நடத்தையே மாறிவிடுகிறது.

அடுத்த நாள் சாயங்காலம், காற்றாலை. இரவில் ஃபியோனா அரக்கியாக மாறியிருப்பதைக் கழுதை பார்த்துவிடுகிறது. ஆரம்பம் கேலிக்கூத்துதான்: இந்த அரக்கி இளவரசியை விழுங்கிவிட்டாள் என்று நினைத்து, அவள் வயிற்றைப் பார்த்து 'மூச்சு விட்டுக்கொண்டே இரு, உன்னை வெளியே எடுத்துவிடுகிறேன்' என்று கழுதை கத்துகிறது. அப்புறம் குரல்கள் இறங்குகின்றன. அவள் சாபத்தைச் சொல்கிறாள். வெளியே ஷ்ரெக் கையில் ஒரு சூரியகாந்தியோடு, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தபடி படியேறி வருகிறான். கதவருகே வரும்போது அவன் காதில் விழுவது: இவ்வளவு கோரமான மிருகத்தை யார் காதலிப்பார்கள், இளவரசியும் அசிங்கமும் சேராது, அதனால்தான் ஷ்ரெக்கோடு இருக்க முடியாது. பூவைப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறான்.

முதல் இரவு கேட்டவளுக்கு எந்தத் தடையும் இல்லை. இரண்டாம் இரவு கேட்டவனுக்குத் தன்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. 'கோரமான மிருகம்' என்றால் நான்தான் என்று அவன் முடிவுகட்ட ஒரு நொடிகூட ஆகவில்லை. தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லும் ஆள் என்று நேற்று யாரைத் திட்டினானோ, இன்றைக்கு அந்த வேலையை அவனே செய்கிறான். பாதி கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வது மெலோடிராமாவின் தேய்ந்துபோன உத்தி. எத்தனையோ படத்தில் எரிச்சல் மூட்டியது. இங்கே எரிச்சல் வராததற்குக் காரணம் முந்தைய இரவின் மரப்பட்டை.

மறுநாள் காலைச் சண்டை இன்னும் நுட்பம். நேற்று நான் சொன்னதைக் கேட்டாயா என்கிறாள். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன் என்கிறான். புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன் என்கிறாள். நன்றாகவே புரிந்தது, கோரமான அசிங்க மிருகத்தை யார் காதலிப்பார்கள் என்கிறான். உனக்கு அது பொருட்டாக இருக்காது என்று நினைத்தேன் என்கிறாள். பொருட்டுதான் என்கிறான். இதில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இருவரும் சொல்கிற ஒவ்வொரு வாக்கியமும் அவரவர் மனதில் முழு உண்மை. அவள் தன் அரக்க உருவத்தைப் பற்றிப் பேசுகிறாள், அவன் தன் உருவத்தைப் பற்றி. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், இப்படி ஆறு வரியை இரண்டு பக்கமும் கூர்மையாக வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

அந்தச் சண்டைக்குள் ஒரு ஜோக்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். குக்கீ பொம்மையைச் சித்திரவதை செய்வதைக்கூடச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிய படம், இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

வாயாடிக்கு ஊமை வேஷம்

ஆரம்பகால மெலோடிராமாவில் அடிக்கடி வரும் ஒரு வேஷம் ஊமை. 'செலினா'விலேயே ஒருவர் உண்டு: எல்லா உண்மையும் தெரிந்தவர், வில்லனின் கொடுமையால் பேச்சிழந்தவர், கடைசியில் நாயகியின் தகப்பன் என்று தெரியவரும் ஃபிரான்சிஸ்க். 1814-ல் பிக்ஸெரெகூர் ஒரு படி மேலே போய், கொலைகாரன் யார் என்று தெரிந்த சாட்சியாக ஒரு நாயையே மேடையேற்றினார். அந்த நாடகம் ஐரோப்பா முழுக்க ஓடியது. ஜெர்மனியின் வைமாரில் 1817-ல் அதை நாயோடு போட முடிவானபோது, அரங்கின் பொறுப்பில் இருந்த கவிஞர் கோதே ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் நாய் ஜெயித்தது, கோதே அந்தப் பொறுப்பிலிருந்து போனார். சாட்சி சொல்லத் தெரிந்தும் சொல்ல வாயில்லாத ஜீவன் மேல் ஜனங்களுக்கு அவ்வளவு ஈர்ப்பு.

'ஷ்ரெக்'கிலும் அந்த ஜீவன் இருக்கிறது. நாலு கால்தான். ஆனால் எட்டி மர்ஃபியின் குரலில், நிறுத்தாமல் பேசுகிறது. உலகத்தில் யாருக்கு ஊமை வேஷம் பொருந்தாதோ அந்தக் கழுதைக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஃபியோனாவுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறது. மறுநாள் நிலைமை கைமீறுவதைப் பார்த்து, உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, நேற்று இரவு நான் அவளோடு பேசினேன் என்று ஷ்ரெக்கிடம் ஆரம்பிக்கிறது. பேசினது தெரியும், அவ்வளவு சிநேகிதம் என்றால் அவள் பின்னாலேயே போ என்று அவன் வெட்டிவிடுகிறான். படம் முழுக்கக் கழுதையின் வாயை அடைக்க முடியாமல் தவித்தவன், பேச வேண்டிய ஒரே நேரத்தில் அடைத்துவிடுகிறான்.

அப்புறம் ஷ்ரெக் வாழும் சதுப்பு நிலத்துக்கு வந்து, அவள் பேசியது உன்னைப் பற்றி இல்லை, வேறு ஒருவரைப் பற்றி என்று மட்டும் சொல்கிறது. யாரைப் பற்றி? அதைச் சொல்ல மறுக்கிறது. இந்த மறுப்பை நான் முதலில் வெறும் ரோஷம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது கதையின் கணக்கே அதில் இருப்பது புரிந்தது. கழுதை உளறியிருந்தால், அவளும் அரக்கிதானே என்ற தெம்போடு ஷ்ரெக் கல்யாணத்துக்குப் போயிருப்பான். உளறாததால், மனித உருவில் இருக்கும் ஒரு அழகி தன்னை மறுக்கலாம் என்ற பயத்தோடு போகிறான். உண்மை வாயால் வரக் கூடாது, எல்லார் கண்முன்னும் உடம்பால் வர வேண்டும் என்பது மெலோடிராமாவின் விதி. கழுதை அந்த விதியைக் காப்பாற்றிக் கொடுக்கிறது.

சூரியன், பாட்டு, அட்டை

உடம்பால் உண்மை வருவதற்கு ஒரு கடிகாரம் வேண்டும். ரயிலும் எரியும் திரியும் செய்த வேலையை இங்கே சூரியன் செய்கிறது. இருட்டுவதற்குள் ஃபார்க்வாடோடு கல்யாணம் முடிய வேண்டும் என்று ஃபியோனாவே அவசரப்படுத்துவதால், வில்லன் எதுவும் செய்யாமலே முடிச்சு இறுகுகிறது.

அதற்கு முன்னால் பிரிவுப் பாட்டு. லெனர்ட் கோஹன் எழுதிய 'ஹலெலூயா', படத்தில் ஜான் கேலின் குரலில். (இசைத்தட்டில் இருப்பது ரூஃபஸ் வெயின்ரைட் பாடியது, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.) ஷ்ரெக் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான், ஃபியோனா கோட்டையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு இந்தப் பகுதியைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். சத்தத்தைப் போட்டதும் தொண்டை அடைக்கிறது. 'மெலோஸ்' என்ன வேலை பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

கல்யாண மண்டபத்தில் படம் தன் கையில் இருக்கும் சீட்டை நமக்கே காட்டிவிடுகிறது. கதவு வரை ஓடிவந்த ஷ்ரெக்கைக் கழுதை நிறுத்துகிறது. ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று பாதிரியார் கேட்கிற கட்டம் வரும், அப்போது நுழைந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்கிறது. பாதிரியார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பார்க்கக் கழுதையை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கித் தூக்கிப் போடுகிறான். அந்த வரியை எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்கள்! கடைசி நொடியில் வந்து நிற்பது என்ற வழக்கத்தைப் பற்றி நேரம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததாலேயே அந்த நொடி தவறிவிடுகிறது. சிரித்து முடிப்பதற்குள் அவன் உள்ளே ஓடுகிறான். வழக்கம் அப்படியே நடக்கிறது.

உள்ளே ஃபார்க்வாடின் ஆள் ஒருவன் அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறான். கூட்டம் எப்போது என்ன உணர வேண்டும் என்று அட்டையில் இருக்கும். சடங்கின்போது 'பயபக்தியோடு மௌனம்'. சூரியன் இறங்குகிறது, ஃபியோனா எல்லார் முன்னிலும் அரக்கியாகிறாள், ஃபார்க்வாட் அருவருத்துக் காவலர்களை ஏவுகிறான், டிராகன் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து அவனை விழுங்குகிறது. ஷ்ரெக்கும் ஃபியோனாவும் முத்தமிட்டுக்கொள்ளும்போது, அதே ஆள் அவசரமாக ஒரு அட்டையின் பின்பக்கத்தில் 'ஆஆஆ' என்று எழுதித் தூக்கிக் காட்டுகிறான். உச்சுக்கொட்டச் சொல்லி உத்தரவு. இதுவரை எஜமான் சொன்னதைத் தூக்கியவன், எஜமான் செத்த பிறகு முதல்முறையாகத் தானே எழுதியது. நம்மை உருகவைக்கும் இயந்திரத்தை மூடியைத் திறந்து காட்டுகிறார்கள். காட்டிய பிறகும் நாம் உருகுகிறோம். நான் உச்சுக்கொட்டினேன். ஒவ்வொரு முறையும்.

ஒளி, காற்று, உடையும் கண்ணாடிகள் எல்லாம் அடங்கியதும் ஃபியோனா அரக்கியாகவே கிடக்கிறாள். நான் அழகாகியிருக்க வேண்டுமே என்கிறாள். அழகாகத்தான் இருக்கிறாய் என்கிறான். நல்ல குணத்துக்கு ஊர் அறிந்த அடையாளம் கிடைப்பது என்ற பழைய முடிவு அப்படியே இருக்கிறது. மாறியது, எந்த முகத்தை அடையாளமாக ஏற்றுக்கொள்வது என்பது மட்டும்தான்.

பாக்கி இருந்த புகார்

ஃபார்க்வாடின் அறிமுகம் பாடநூலில் வைக்கலாம் போன்ற வில்லன் அறிமுகம். கனத்த இசை, பூட்ஸ் சத்தம், கையுறை இழுத்து மாட்டும் கை. சித்திரவதை அறைக்குள் நுழைகிறான், கொடூரமாகச் சிரித்துக்கொண்டே மேஜையை நெருங்குகிறான். மேஜை அவனைவிட உயரம். தொண்டையைச் செருமுகிறான், காவலர்கள் மேஜையைக் கீழே இறக்குகிறார்கள். அருமையான அடி, ஒரு தரம்.

ஆனால் அதே அடி படம் முடியும்வரை விழுந்துகொண்டே இருக்கிறது. ஷ்ரெக்கும் கழுதையும் வழியெல்லாம் அவன் உயரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். உடம்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று நெஞ்சுருகப் பேசும் படம், வில்லன் விஷயத்தில் மட்டும் பழைய மேடைச் சட்டத்தை ஒட்டியே நிற்கிறது: உள்ளே கோணல் என்றால் வெளியேயும் கோணல் இருக்க வேண்டும். அவனிடம் கேலி செய்ய வேறு எவ்வளவோ இருந்தது. இளவரசியைத் தானே மீட்கப் போகாமல் ஆள் அனுப்புகிறான். அரசனாவதற்காகப் பெண் தேடுகிறான். கதை மாந்தர்களைப் பிடித்துக் கொடுத்தால் பணம் தருகிறான். இவ்வளவு இருந்தும் உயரம்தான் கைக்கு வந்தது.

எழுதியவர்களுக்கே இது உறுத்தியதோ என்னவோ, 2004-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கள்ளபார்ட் கைமாறிவிடுகிறது. வில்லி, இரக்கமே உருவான தேவதைத் தாய். அவளுடைய கையாள், அவள் பெற்ற மகனான அழகு இளவரசன். உடம்பில் ஒரு குறையும் இல்லாத இரண்டு பேர். அந்தப் படத்தின் முடிவில், நள்ளிரவு அடிப்பதற்குள் ஒரு முத்தம் கொடுத்தால் ஷ்ரெக்கும் ஃபியோனாவும் அழகான மனிதர்களாகவே நிலைத்துவிடலாம் என்று ஒரு வாய்ப்பு வருகிறது. ஷ்ரெக் தயாராகத்தான் இருக்கிறான். தான் கல்யாணம் செய்துகொண்ட அரக்கனே போதும் என்று ஃபியோனா மணி அடித்து முடியும்வரை காத்திருக்கிறாள்.